விலைப்பட்டியலுக்கு முன் எடைப்பட்டியல்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கடன் என்னும் சொல்லுக்கு ஒரு பழம்பெருமை உண்டு. புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனத்தில்தான் ஆகாசராசனின் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் மணந்தார் என்பது தலமரபு. அத்திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கே அடியார்கள் இன்றளவும் திருமலை உண்டியலில் வட்டி செலுத்தி வருகிறார்கள் என்பது அம்மரபின் தொடர்ச்சி. இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் வணிகர் ஒருவர் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் இருமுறை எண்ணிப் பார்ப்பது இயல்பே.

ஆயினும் அவர் எண்ணிப் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் வட்டி விகிதம், தவணைக் காலம், பிணை ஆகியவற்றைப் பற்றியே. அக்கடனைக் கொண்டு வாங்கப்போகும் பொருளைப் பற்றி அதே அளவு எண்ணுவதில்லை. கிடங்கில் சரக்கு அடுக்கும் பேலட் ராக்குகளின் வகையில் இக்குறை மிகுதியாகத் தெரிகிறது. எந்திரம் வாங்கும்போது அதன் திறனைக் கேட்கும் வணிகரே ராக் வாங்கும்போது, 'கிலோ என்ன விலை?' என்று கேட்கிறார். அதனை இரும்பு அலமாரியாகக் கருதுவதால் எழும் கேள்வி அது.

பேலட் ராக் அலமாரியன்று. கட்டடத்திற்குள் எழுப்பப்படும் மற்றொரு கட்டடம். அது பல டன் எடையைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்துகிறது. அதனடியில் மனிதர்கள் நாள்தோறும் நடமாடுகிறார்கள். ஆகவே விற்பனையாளரிடம் விலைப்பட்டியல் கேட்குமுன் வாங்குபவர் தம் சரக்கின் எடைப்பட்டியலைத் தாமே எழுதி முடித்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்த வரிசை மாறினால், எவ்வளவு பேரம் பேசியும் ஆதாயமில்லை.

சரக்கை அளந்தறிதல்

நாராயணவனம், புத்தூர், நகரிப் பகுதிகளில் நூலும் துணியும் முதன்மையான சரக்கு. சித்தூர் வட்டாரம் முழுவதையும் நோக்கினால், மாங்கூழ் மற்றொரு பெருஞ்சரக்கு. இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் செறிந்த இரு பகுதிகளுள் ஒன்று சித்தூர். மற்றொன்று தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி. ஒரே வட்டாரத்தின் இவ்விரு சரக்குகளும் கிடங்கில் முற்றிலும் வேறுபட்ட தேவைகளை உடையவை.

மாங்கூழை எடுத்துக்கொள்வோம். கிருமி நீக்கிய பைகளில் நிரப்பி இரும்பு டிரம்களில் அடைக்கப்படும் கூழ், டிரம் ஒன்றுக்கு வழக்கமாக 215 கிலோ. டிரம்மின் எடையையும் சேர்த்து நான்கு டிரம்களை ஒரு பேலட்டில் வைத்தால், பேலட்டின் எடையோடு ஏறக்குறைய ஒரு டன் ஆகிவிடும். இத்தகைய டிரம்மின் குறுக்களவு சுமார் 58 சென்டிமீட்டர். இரண்டிரண்டாக நான்கு டிரம்களை நிறுத்த நீளத்திலும் அகலத்திலும் சுமார் 1.17 மீட்டர் தேவை. நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பேலட்டோ 1.2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையது. அதன் மேல் நான்கு டிரம்களை வைத்தால் இருபுறமும் எட்டெட்டு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே துருத்தி நிற்கும். பேலட்டின் அளவை மட்டும் சொல்லி ராக்குக்கு விலை கேட்டவருக்கு, பேலட் நுழையும். ஆனால் டிரம் தூணில் இடிக்கும்.

துணி, நூல் வணிகரின் நிலை வேறு. அவருடைய மூட்டை எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. ஆனால் நூலின் எண்ணிக்கை, நிறம், சாயத் தொகுதி என வகைகள் பல. அவருக்கு எடை தாங்கும் வலிமையைவிட, வேண்டிய மூட்டையை உடனே எடுக்கும் வசதியே முதன்மையானது. கையால் தூக்கி அடுக்கும் அளவுக்கே வணிகம் இருக்குமானால், பேலட் ராக்கே தேவைப்படாமல், துளையிட்ட ஆங்கிள்களால் ஆன எளிய ராக்குகள் போதுமானவையாக இருக்கலாம். தேவையில்லாததை வாங்காதிருப்பதும் தேர்வில் ஒரு பகுதிதான்.

எனவே எடைப்பட்டியலில் ஐந்து செய்திகள் இடம்பெற வேண்டும். முதலாவது, சரக்கேற்றிய பேலட்டுகளுள் மிகவும் கனமானது எத்தனை கிலோ என்பது. சராசரி எடை இங்கே பயன்படாது. இரண்டாவது, துருத்தி நிற்கும் பகுதியையும் சேர்த்து அப்பேலட்டின் நீளம், அகலம், உயரம். மூன்றாவது, சரக்கின் வகைகள் எத்தனை, ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேலட்டுகள் என்பது. நான்காவது, முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டுமா என்பது. ஐந்தாவது, அவற்றை எந்த வண்டி தூக்கப்போகிறது என்பது. ஒரு நாள் உழைப்பில் எழுதக்கூடிய இத்தாளைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்த விற்பனையாளரும் பொதுவான விலை சொல்லித் தப்ப முடியாது.

எந்த வகை ராக்

பல வகைகள் சந்தையில் இருப்பினும் சிறு, நடுத்தர வணிகர் பெரும்பாலும் இரண்டுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று செலக்டிவ் ராக்: ஒவ்வொரு பேலட்டும் வண்டிப்பாதையை நோக்கியிருக்கும், எதனையும் தனியே எடுக்கலாம். மற்றொன்று டிரைவ்-இன் ராக்: வண்டி ராக்கின் உள்ளேயே நுழைந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பேலட்டுகளை நிறுத்தும், இடம் மிச்சமாகும், ஆனால் கடைசியாக வைத்ததே முதலில் வெளிவரும்.

இடச் சிக்கனம் என்னும் வாதம் வலிமையானது. அதனைப் புறந்தள்ள இயலாது. செலக்டிவ் ராக்கில் சாதாரண ஃபோர்க்லிஃப்ட் திரும்புவதற்கு ஏறத்தாழ 3.5 மீட்டர் பாதை வேண்டும். இருபுறமும் 1.2 மீட்டர் ஆழமுள்ள ராக்குகள் நின்றால், மொத்தம் 5.9 மீட்டர் அகலத்தில் 3.5 மீட்டர் பாதைக்கே போய்விடுகிறது. அதாவது வாடகை தரும் தரையில் பாதிக்கு மேல் வெற்றிடம். குறுகிய பாதையில் திரும்பும் ரீச் டிரக் வாங்கினால் பாதை 2.8 மீட்டர் அளவுக்குக் குறையும். அப்போதும் பாதிக்குச் சற்று மேல் பாதையே. இக்கணக்கைப் பார்க்கும் எவருக்கும் டிரைவ்-இன் ராக்கின் மேல் ஆசை எழுவது இயற்கை.

அந்த ஆசை சில சரக்குகளுக்குப் பொருந்தும். ஏற்றுமதிக் கொள்கலன் ஒன்றில் வழக்கமாக 80 டிரம் மாங்கூழ் செல்கிறது. அது இருபது பேலட். ஐந்து பேலட் ஆழமும் நான்கு பேலட் உயரமும் உடைய ஒரு டிரைவ்-இன் தடத்திலும் இருபது பேலட்டே அடங்கும். ஒரு தடத்தில் ஒரே தொகுதிக் கூழை நிரப்பி, அத்தடத்தையே ஒரு கொள்கலனாக ஏற்றி அனுப்பும் ஆலைக்கு, எது முதலில் வெளிவருகிறது என்ற சிக்கலே இல்லை.

ஆனால் நாற்பது வகை நூலும் அறுபது வகைத் துணியும் வைத்திருப்பவர் இதே ராக்கை வாங்கினால் என்ன ஆகும்? ஒரு தடத்தில் நான்கைந்து வகைகள் கலக்கும். உள்ளே இருப்பதை எடுக்க முன்னே இருப்பவற்றையெல்லாம் வெளியே இழுக்க வேண்டும். நாளடைவில் அவ்வாறு இழுக்கும் சலிப்பில், பின்னால் இருப்பது பின்னாலேயே தங்கிவிடும். அவர் மிச்சப்படுத்தியதாக எண்ணிய இடத்தில் விற்காத சரக்கு குடியேறியிருக்கும்.

வங்கி வாடிக்கையாளர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சரக்கை ஈடாகக் காட்டி கேஷ் கிரெடிட் பெறுபவருக்குப் பணம் எடுக்கும் வரம்பு, அவர் மாதந்தோறும் தரும் சரக்கு அறிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நெடுநாள் விற்காமல் தேங்கிய சரக்கை வங்கிகள் பொதுவாக அக்கணக்கிலிருந்து கழித்துவிடும். ஆகவே பழைய சரக்கைக் கண்ணுக்கு மறைக்கும் ராக், உரிமையாளரின் கடன் வரம்பையும் மறைமுகமாகக் குறைக்கிறது. ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒவ்வொரு பேலட்டின் சீட்டையும் பாதையில் நின்றபடியே படிக்கக்கூடிய கிடங்கில் கணக்கெடுப்பு விரைவாக முடியும், ஐயமும் எழாது. வகைகள் பல உள்ள வணிகருக்குச் செலக்டிவ் ராக்கே உகந்தது என்று நான் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரையின் கேள்வி

ராக்கைப் பற்றிய உரையாடலில் மிகக் குறைவாகப் பேசப்படுவது தரை. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இரு தூண் சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியை ஒரு கட்டம் என்போம். கட்டத்தின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு டன் எடையுள்ள இரண்டு பேலட்டுகள். தரையில் நிற்கும் பேலட்டுகளை விடுத்து, பீம்களின் மேல் மூன்று நிலைகள். ஆகக் கட்டத்திற்கு ஆறு டன். வரிசையின் நடுவிலுள்ள தூண் சட்டம் இடப்பக்கக் கட்டத்தில் பாதியையும் வலப்பக்கக் கட்டத்தில் பாதியையும் சுமப்பதால் அதன் மேலும் ஆறு டன்னே விழும். சட்டத்துக்கு இரண்டு தூண்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று டன். அந்த மூன்று டன்னும் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஓர் அடித்தகட்டின் வழியாகத் தரையில் இறங்குகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஐம்பது பேர் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் நிற்பதற்கு அது சமம். ராக்குகள் முதுகோடு முதுகாக நின்றால், சிறு இடைவெளியில் இன்னொரு மூன்று டன்.

அரிசி மூட்டைகளைப் பரப்பி வைத்தும், தறிகளை நிறுத்தியும் இருபது ஆண்டுகள் தாங்கிய தரை, இந்தக் குத்துச் சுமையையும் தாங்கும் என்று கொள்வதற்கில்லை. கான்கிரீட்டின் தடிமன், அதன் தரம், அடியிலுள்ள மண் நிரப்பு ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய கிடங்குகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தரை சில மில்லிமீட்டர் அமிழ்ந்தால் உயரமான தூணின் உச்சி அதைவிடப் பன்மடங்கு சாயும். ராக்குக்கான முன்பணம் தருமுன் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைத் தரையைச் சோதிக்கச் சொல்வது செலவு அன்று. செலவைத் தவிர்க்கும் வழி.

தண்ணீரும் இதில் சேரும். 2021 நவம்பரில் திருப்பதியையும் சித்தூர் மாவட்டத்தையும் சூழ்ந்த மழை வெள்ளத்தை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தரைமட்டத்தில் நிற்கும் பேலட்டுகளையும் தாழ்வான ஒரு பீமின் மேல் ஏற்றி வைப்பதற்குச் சிறிது கூடுதல் இரும்பு போதும். நூலும் காகிதப் பெட்டியும் வைத்திருப்பவர் அதனை வீண் என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு தூணின் வலிமை

பழைய ராக்குகள் சென்னையிலிருந்தும் பிற தொழில் நகரங்களிலிருந்தும் குறைந்த விலைக்கு வருகின்றன. பழையது என்பதாலேயே ஒன்றை விலக்க வேண்டியதில்லை. ஆயினும் மூன்று நிலைகளில் அதனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது என்பேன். தயாரிப்பாளர் யார், எவ்வளவு எடைக்கு வடிவமைக்கப்பட்டது என்னும் தாள் இல்லாதது. ஒரு நிறுவனத்தின் தூணில் மற்றொரு நிறுவனத்தின் பீமைப் பொருத்தியது. வளைந்த தூணை வெப்பமூட்டி நிமிர்த்தியோ வெல்டிங் செய்தோ வண்ணம் பூசியது.

காரணத்தை விளக்குகிறேன். தூணின் வலிமை அதன் தகட்டின் தடிமனில் மட்டும் இல்லை. ஒல்லியான தூண் நசுங்கி உடைவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து விழும் என்பதைக் கணிதமாக நிறுவியவர் 18-ஆம் நூற்றாண்டின் அறிஞர் லியோனார்டு ஆய்லர். அவர் காட்டியபடி, பிடிமானமின்றி நிற்கும் நீளம் இரட்டித்தால் அத்தகைய தூண் தாங்கும் எடை நான்கில் ஒன்றாகக் குறையும். ராக்கில் அந்தப் பிடிமானத்தைத் தருபவை பீம்களும் குறுக்குக் கம்பிகளும். உயரமான பெட்டி ஒன்றை நுழைப்பதற்காகக் கீழ்ப்பீமைக் கழற்றி மேலே மாட்டினால், வேலையாள் மாற்றியது ஒரு பீமை. உண்மையில் மாறியது அத்தூணின் முழு வலிமை. கழற்றி மாட்டுவது சுத்தியல் கொண்டு இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை என்பதே இதிலுள்ள ஆபத்து. தயாரிப்பாளரைக் கேளாமல் பீமின் உயரத்தை மாற்றலாகாது என்ற விதியை உரிமையாளர் தம் கிடங்கில் எழுதி வைக்க வேண்டும்.

இவ்வச்சம் மிகையன்று. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலுள்ள ஹின்ஸ்டாக் என்னும் ஊரில், பாலாடைக்கட்டி சேமித்த ஒரு கிடங்கில் 2016 மே மாதத்தில் ராக்குகள் சரிந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் சுமார் எட்டு மணி நேரம் அக்குவியலின் அடியில் சிக்கியிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். வண்டியின் கூண்டே அவரைக் காத்தது எனலாம். பிரேசிலின் சாவோ லூயிஸ் நகரில் 2020 அக்டோபர் 2 அன்று ஒரு மொத்த விற்பனை அங்காடியில் சரக்கேற்றிய ராக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது இளம் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். எட்டுப் பேர் காயமடைந்தனர். ஒரு கட்டம் வீழ்ந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு வீழ்வது ராக்குகளின் இயல்பு. தூண்களும் பீம்களும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதால் வரும் வலிமையே அப்போது கேடாக மாறுகிறது.

வாங்கிய பின்

நல்ல ராக்கையும் கெடுக்கும் முதல் எதிரி, அதற்குச் சரக்கு ஏற்றும் வண்டிதான். பாதை குறுகலாக இருக்குமானால் ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராயினும் தூணில் இடிப்பார். எனவே வண்டியைத் தேர்ந்தெடுத்த பிறகே பாதையின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். ராக்கை நிறுத்திவிட்டு அதற்குப் பொருந்தும் வண்டியைத் தேடுவது தலைகீழான முறை. பாதையோரத் தூண்களின் அடியில் தரையில் பதித்த இரும்புக் காப்புகள் வேண்டும். தூண்கள் அனைத்தும் ஆங்கர் போல்ட்டால் தரையோடு பிணைக்கப்பட வேண்டும். பீம் தூணைவிட்டு மேலெழாமல் தடுக்கும் பூட்டு ஊசி ஒன்றுகூட விடுபடலாகாது.

சேதத்தை எவ்வாறு அறிவது என்பதற்கு ஐரோப்பியத் தரவிதி இஎன் 15635 எளிய வழி சொல்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்ச்சட்டத்தைத் தூணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பீமின் திசையில் தூண் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தாலோ, ராக்கின் ஆழத் திசையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தாலோ, குறுக்குக் கம்பி 10 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தாலோ அது கவனிக்கத்தக்க சேதம். சரக்கை இறக்கிய பின் பழுது நீங்கும்வரை மீண்டும் ஏற்றலாகாது. அவ்வளவுகளைப் போல் இரு மடங்கு தாண்டினால் உடனடியாகச் சரக்கை இறக்கிவிட வேண்டும். பீமுக்கும் ஓர் அளவு உண்டு: சரக்கேற்றிய நிலையில் அதன் நீளத்தில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் தொங்கக் கூடாது. 2.7 மீட்டர் பீமுக்கு அது 13.5 மில்லிமீட்டர். கிடங்கில் பணிபுரியும் ஒருவர் வாரம் ஒருமுறை சுற்றிவந்து குறிப்பேட்டில் எழுதுவதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் வல்லுநர் ஒருவர் பார்வையிடுவதும் போதுமானவை. ஒரு நிலைக்கு எத்தனை கிலோ, ஒரு கட்டத்திற்கு எத்தனை கிலோ என்ற அறிவிப்புப் பலகை ஒவ்வொரு வரிசையின் முகப்பிலும் இருக்க வேண்டும். நம் பகுதிகளில் அப்பலகை தெலுங்கிலும் தமிழிலும் இருத்தல் நலம். எச்சரிக்கை யாருக்காக எழுதப்படுகிறதோ அவர் அதனைப் படிக்க இயல வேண்டும்.

மறுப்பும் விடையும்

'இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்கு உரியவை. பத்துக் கட்டம் வாங்கும் சிறு வணிகனுக்கு இவ்வளவும் கட்டுப்படியாகுமா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை பணத்தைவிடக் கவனத்தையே வேண்டுபவை. எடைப்பட்டியல், நேர்ச்சட்டம், குறிப்பேடு, பலகை ஆகியவற்றின் மொத்தச் செலவு ஒரு கட்டத்தின் விலையைக்கூட எட்டாது. பெருநிறுவனம் ஒரு கிடங்கை இழந்தால் மற்றொன்றிலிருந்து சரக்கு அனுப்பும். சிறு வணிகருக்கு இருப்பது ஒரே கிடங்கு; ஆகவே கவனம் அவருக்கே கூடுதலாகத் தேவை.

சிக்கனம் செய்ய வேண்டிய இடங்களும் உண்டு. இருபது கட்டத்துக்குப் பணம் போதாவிட்டால், தரமான பன்னிரண்டு கட்டங்களை இவ்வாண்டு அமைத்து, எஞ்சியவற்றுக்கு இடம் விட்டு வைக்கலாம். ஐந்து நிலைக்கு மாறாக மூன்று நிலைகளோடு நிறுத்திக்கொண்டு, விலையுயர்ந்த ரீச் டிரக்குக்குப் பதிலாக எளிய மின் ஸ்டாக்கரைப் பயன்படுத்தலாம். கட்டங்களின் எண்ணிக்கையையும் உயரத்தையும் குறைக்கலாம்; இரும்பின் வலிமையையும் தரையின் உறுதியையும் குறைக்கலாகாது.

கடன் விண்ணப்பத்திலும் இதே நேர்மை வேண்டும். ராக்கின் விலைப்புள்ளியை மட்டும் இணைத்துத் தவணைக் கடன் பெற்றுவிட்டு, தரையைச் செப்பனிடவும் வண்டி வாங்கவும் பொருத்துக் கூலி தரவும் நடைமுறை மூலதனத்திலிருந்து எடுப்பவர்கள் உண்டு. குறுகியகாலப் பணத்தை நெடுங்காலச் சொத்தில் முடக்கினால், கொள்முதல் பருவம் வரும்போது கையில் காசு இருக்காது. மாங்காய்ப் பருவம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. எனவே தரை, ராக், வண்டி, காப்புகள், பொருத்துச் செலவு, முதலாண்டு ஆய்வு ஆகிய அனைத்தையும் ஒரே திட்டச் செலவாகக் காட்டுவதே முறை. தொகை பெரிதாகத் தோன்றினாலும் அதுவே உண்மையான தொகை. காப்பீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: தம் சொந்த ஃபோர்க்லிஃப்ட் இடித்து ராக் சரிந்தால், அச்சேதத்திற்கு இழப்பீடு உண்டா? விடையை எழுத்தில் பெறுவது நல்லது.

வங்கிகளின் பக்கமும் ஒரு சொல். தவணைக் கடனுக்கான ஆவணங்களோடு, ராக்கின் தாங்குதிறன் சான்றையும் தரையைப் பற்றிய பொறியாளரின் அறிக்கையையும் கேட்பது வழக்கமாக வேண்டும். அது வாடிக்கையாளருக்கு இன்னொரு தாள் என்னும் சுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த ராக்கின் மேல் நிற்கும் சரக்கே வங்கியின் ஈடு. அதன் கீழே நடமாடுபவர்களே அக்கடனை உழைத்து அடைக்கப்போகிறவர்கள். அவர்கள் பாதுகாப்பாக இருப்பது இருசாராரின் நலனும் ஆகும்.

நாராயணவனத்துத் திருமணத்திற்கு வாங்கிய கடனின் கதையில், கடன் பத்திரமும் சாட்சிகளும் இருந்ததாகச் சொல்வார்கள். தெய்வமே கணக்கு எழுதி வாங்கிய மண்ணில், மூன்று டன் சுமையைத் தலைக்குமேல் நிறுத்தப்போகும் வணிகர் ஒரு தாளில் தம் சரக்கின் எடையை எழுதிக்கொள்வது பெரிய காரியமன்று. அடுத்த முறை ராக் விற்பனையாளர் தங்கள் கிடங்கின் வாயிலில் நின்று விலைப்பட்டியலை நீட்டும்போது, அதனைப் பெற்றுக்கொள்ளுமுன் தாங்கள் எழுதிய தாளை அவர் கையில் கொடுங்கள். அதனைப் பொறுமையாகப் படித்துவிட்டு, தரையைப் பார்க்க வேண்டும் என்று சொல்பவரிடமே வாங்குங்கள்.